பக்கத்து மனையில் ஒன்றே கால் அடி குறைகிறது என்றால்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் எங்கள் வீடு இருக்கிறது. 1994இல் என் மாமனார் வாங்கிய 14ஆம் எண் மனை. பத்திரத்தில் கிழமேலடி 30, தென்வடலடி 60. பிறகு என் கணவர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பட்டா உட்பிரிவு எண்ணோடு தனியாக இருக்கிறது. 2001இல் வீடும் சுற்றுச்சுவரும் கட்டினோம். கிழக்கே 15ஆம் மனை காலியாகவே கிடந்தது. 2022இல் அதை வாங்கியவர் இப்போது வீடு கட்ட வந்திருக்கிறார். “என் மனையில் 28 அடி 9 அங்குலம்தான் இருக்கிறது, ஒன்றே கால் அடி உங்கள் சுவருக்குள் போய்விட்டது. நீங்களே இடிக்கிறீர்களா, நான் இடிக்கட்டுமா” என்கிறார். செல்போன் மேப்பில் கோடு போட்டும் காட்டுகிறார். எங்கள் பக்கம் டேப் பிடித்துப் பார்த்தால் 30 அடி சரியாக இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மைத்துனர் போலீஸில் புகார் கொடுக்கலாம் என்கிறார். 12 வருடம் தாண்டிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா? நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி

பதில் (ஓய்வு பெற்ற நில அளவர்):

அம்மா, உங்களுக்கு 30 அடி, அவருக்கு 28 அடி 9 அங்குலம். இந்த இரண்டு அளவுமே உண்மையாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும், அவரிடம் குறையும் ஒன்றே கால் அடி உங்களிடம்தான் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மேற்கே நீங்கள் இருப்பதுபோல அவருக்குக் கிழக்கே 16ஆம் மனைக்காரர் இருக்கிறார். இந்தப் பக்கத்துச் சுவருக்கும் அந்தப் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் மிச்சம் கிடந்ததை அவர் அளந்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு வரிசையில் கடைசியாகக் கட்டுகிறவருக்குத்தான் இடம் குறையும். முன்னால் கட்டியவர்கள் ஆளுக்கு நாலு அங்குலம் நகர்ந்திருந்தாலும் அத்தனையும் காலி மனையின் தலையில்தான் வந்து விழும்.

அதே போல, உங்களுக்கு 30 அடி இருப்பதால் உங்கள் கிழக்குச் சுவர் சரியான இடத்தில் நிற்கிறது என்றும் ஆகாது. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

1980, 90களில் ஊர்ப்புறங்களில் போட்ட மனைப்பிரிவுகள் பலவும் இப்படித்தான் உருவாயின: ஒருவர் புஞ்சை நிலத்தை வாங்குவார், அல்லது நிலக்காரரிடம் பவர் வாங்குவார். ஒரு வரைபடம் போடுவார். நூல் கட்டி, டேப் பிடித்து, மூலைக்கு மூலை கல் நடுவார். அந்தக் கல் சர்வே துறை நட்ட கல் அல்ல. முதல் மனையின் கல் எங்கே நின்றதோ அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். பிறகு பேரூராட்சி குறுக்குத் தெருவில் வடிகால் கட்டும்போது 11ஆம் மனையில் ஓர் அடி போகிறது என்று வையுங்கள். அவர் தன் 30 அடியை விடாமல் கிழக்கே தள்ளிக் கட்டுவார். 12ஆம் மனைக்காரர் அவருடைய சுவரிலிருந்து 30 அடி அளப்பார். 13ஆம் மனைக்காரரும் அப்படியே. 2001இல் உங்கள் கொத்தனாரும் 13ஆம் மனையின் சுவரிலிருந்துதான் டேப் பிடித்திருப்பார். எல்லாருக்கும் 30 அடி இருக்கும், எல்லாருமே ஓர் அடி கிழக்கே நகர்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். உங்கள் வரிசையிலும் இதுதான் நடந்தது என்று அளக்காமல் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட குறைவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதனால்தான் சொல்கிறேன்: இரண்டு மனையை மட்டும் அளந்து இந்தத் தகராறு தீராது. வரிசையின் ஒரு முனையில் அசையாத ஒரு கல்லைப் பிடித்து அங்கிருந்து வர வேண்டும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. 30 அடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, டேப்பை எங்கே வைத்துப் பிடித்தீர்கள்? சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகம் வரையா, வெளிமுகம் வரையா? உள்ளே மட்டும் 30 அடி என்றால், உங்கள் கிழக்குச் சுவரின் கனம் முழுவதும் 30 அடிக்கு வெளியே நிற்கிறது என்று பொருள். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் அவர் சொல்லும் பதினைந்து அங்குலத்தில் ஒன்பது அங்குலம் அங்கேயே கணக்காகிவிடும். மேற்குச் சுவரைக் கட்டியது நீங்களா, 13ஆம் மனைக்காரரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டியதாக இருந்தால் அதன் கனமும் உங்கள் 30 அடிக்குள்தான் சேர வேண்டும். இது உங்களுக்குச் சாதகமாக வராமல் போகலாம். வந்தாலும் வராவிட்டாலும், அவர் கண்டுபிடிப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். இரும்பு டேப்பால் தரையோடு தரையாக, முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். முன்பக்கம் 30 இருந்து பின்பக்கம் 30 அடி 7 அங்குலம் இருக்கிற மனைகள் ஏராளம்.

செல்போன் மேப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனில் இருக்கும் ஜிபிஎஸ் வெட்டவெளியில் நின்றாலே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். பதினைந்து அடி தப்பும் கருவியைக் கொண்டு பதினைந்து அங்குலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சர்வே துறையில் பயன்படுத்தும் டிஜிபிஎஸ் ரோவர் வேறு விஷயம், அது சென்டிமீட்டர் கணக்கில் நிற்கும்.

இனி ஆவணங்கள். மாமனாரின் 1994 பத்திரம், அதனோடு இணைத்த மனைப்பிரிவு வரைபடம், உங்கள் பட்டா, உங்கள் உட்பிரிவின் புலப்படம், அதாவது எல்லாரும் எஃப்எம்பி என்று சொல்வது. பட்டாவும் புலப்படமும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் போதும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 1,800 சதுர அடி என்பது 167 சதுர மீட்டர் சொச்சம், அதனால் உங்கள் பட்டாவில் 1.67 ஏர் என்று இருக்க வேண்டும். சென்ட் கணக்கில் 4.13. இதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புலப்படத்தில் பரப்பைவிட முக்கியமானது உங்கள் கிழக்குக் கோட்டின் இடம். உட்பிரிவு எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பாருங்கள். 2001க்கு முன்பே செய்திருந்தால் அப்போது சுவர் இல்லை, மனைக்கல்லை வைத்து அளந்திருப்பார்கள். சுவர் கட்டிய பிறகு செய்திருந்தால், வந்த அளவர் நிற்கிற சுவரையே எல்லையாக வைத்துக் கோடு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் புலப்படம் உங்கள் சுவரோடு பொருந்துவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதைக் காட்டி “அரசாங்கமே சொல்லிவிட்டது” என்று அவரிடம் வாதாடினால், விஷயம் தெரிந்த வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். இன்னொன்று, புலப்படத்தில் அளவுகள் வழக்கமாக மீட்டரில் ஒரு தசம இடம் வரைதான் இருக்கும். அதாவது பத்து சென்டிமீட்டர், ஏறக்குறைய நாலு அங்குலம். ஒன்றே கால் அடித் தகராறைப் புலப்படம் தீர்த்துவைக்கும். ஒன்றரை அங்குலத் தகராறைத் தீர்க்கச் சொல்லி அதைக் கேட்கக் கூடாது. கடைசியில் இரண்டு மூன்று அங்குலத்தில் வந்து நின்றால், அந்த இடத்தில் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

15ஆம் மனைக்காரரின் பட்டாவையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அவர் வாங்கியபோது கூட்டுப் பட்டாவில் பெயர் மட்டும் சேர்ந்திருந்தால், அவருடைய மனைக்குப் புலப்படத்தில் கோடே இருக்காது. கோடு இல்லாத மனைக்கு அத்து, அதாவது எல்லை, காட்ட முடியாது. முதலில் அவர் உட்பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல பேர் மாதக்கணக்கில் அலைவது இது தெரியாமல்தான்.

சரி, அளப்பது எப்படி? அரசு சர்வேயரை வைத்து எல்லையை அளந்து அத்துக் காட்டச் சொல்லி மனுப் போடுங்கள். எஃப்-லைன் அளவை என்று சொன்னால் தாலுகா அலுவலகத்தில் புரியும். இப்போது தமிழ்நிலம் இணையதளத்திலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பித்து அங்கேயே கட்டணம் கட்டலாம். மனு நீங்கள் மட்டும் போடுவதைவிட அவரும் போடுவது நல்லது. இரண்டு பேரும் கேட்டு வந்த அளவை என்றால் நாளைக்கு யாரும் “எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்” என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு முன்கூட்டி அறிவிப்பு போக வேண்டும். உங்கள் விஷயத்தில் 13, 16 இரண்டு மனைக்காரர்களும் அன்றைக்கு வந்து நிற்பது அவசியம், ஏனென்றால் சிக்கல் அவர்கள் பக்கமிருந்துகூட வந்திருக்கலாம்.

அன்றைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சர்வேயர் எங்கிருந்து ஆரம்பிக்கிறார்? உங்கள் சுவரிலிருந்து டேப்பை விட்டால் “இது வேண்டாங்க, சர்வே கல்லிலிருந்து வாங்க” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பழைய புல எண்ணின் எல்லைக்கல், மூன்று புலங்கள் சந்திக்கும் முச்சந்திக் கல், இவை எங்காவது வாய்க்கால் ஓரத்திலோ ரோட்டடியிலோ இருக்கும். தார் ரோட்டுக்கு அடியில் போன கல்லும் உண்டு, அப்போது பக்கத்துப் புலத்தின் கல்லிலிருந்து அளந்து வர வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரம்தான் அளவையின் மதிப்பே. சர்வேயருக்கு மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில் போட வேண்டாம். டீ வாங்கினால்கூட இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வாங்குங்கள். அளவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அந்தச் சாம்பார் சாதத்தையே லஞ்சம் என்று சொல்வார்கள்.

அளந்து காட்டியதில் ஒருவருக்கு ஒப்புதல் இல்லையென்றால் மேல்நிலை அளவரிடம் மறு அளவை கேட்டு மனுக் கொடுக்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சர்வேயர் கோடு எங்கே போகிறது என்று காட்டுவார். நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. பட்டா மட்டும் உரிமை தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

பன்னிரண்டு வருடக் கதைக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 65ஆவது இனம், உரிமையின் அடிப்படையில் நிலத்தை மீட்க 12 ஆண்டு கெடு வைக்கிறது. உங்கள் சுவர் 2001இலிருந்து நிற்கிறது. ஆனால் அந்தக் கெடு, நிலத்தைக் கையில் வைத்திருக்கும் அனுபவம் எதிரிடையாக மாறிய நாளிலிருந்துதான் ஓடும். அதாவது உண்மையான சொந்தக்காரருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, பகிரங்கமாக வைத்திருந்தேன் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். “அளவு தெரியாமல் எங்கள் இடம் என்று நினைத்துக் கட்டினோம்” என்றால் அது எதிரிடை அனுபவம்தானா என்ற கேள்வி வரும். இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. “சுவர் எங்கள் நிலத்தில்தான் இருக்கிறது” என்று சொல்லும் அதே வாயால் “உங்கள் நிலம்தான், ஆனால் நாங்கள் 12 வருடம் அனுபவித்துவிட்டோம்” என்றும் சொல்ல வேண்டியிருக்கும். வழக்கு என்று வந்தால் வக்கீல் இதை மாற்று வாதமாக வைப்பார், வைக்கட்டும். வாசலில் நின்று பேசும்போது நீங்கள் இதை எடுக்க வேண்டாம். எடுத்த நிமிஷமே, அவர் நிலம் உங்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொள்வார். 2001இல் சுவர் எழும்பியபோது பழைய சொந்தக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்பது மட்டும் உங்களுக்கு உதவும் உண்மை. அதற்கு ஆதாரமாக வீட்டு வரி ரசீது, வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் அப்போதைய வரைபடம், கிரகப்பிரவேசப் போட்டோவில் பின்னால் தெரியும் சுவர், எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. எல்லைத் தகராறு சிவில் விஷயம் என்று அவர்களே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர் கடப்பாரையோடு வந்தால் அது வேறு. உங்கள் அனுபவத்தில் இருக்கிற சுவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்போது தயங்காமல் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அரசு ஊழியர் நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ ஓராண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றம். இதை அவருக்கு மட்டும் சொல்லவில்லை, உங்கள் மைத்துனருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போதைக்கு எனக்கு அவசரமாகத் தெரிவது வேறொன்று. அவர் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரிக்கு முன்பணம் போயிருக்கும், ஒரு நாள் வேலை நின்றாலும் அவருக்கு நஷ்டம். அவருடைய கோபத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கட்டட விதிப்படி வீட்டுச் சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே அவர் பக்கவாட்டில் இடம் விட்டாக வேண்டும். நீங்கள் இருக்கிற மேற்குப் பக்கம்தான் அந்த இடம் என்றால் வீட்டு வேலையை நிறுத்தவே தேவையில்லை. உங்கள் பக்கத்துச் சுற்றுச்சுவரை மட்டும் அளவை முடியும்வரை தள்ளிப்போட்டால் போதும். இதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். “தம்பி, வீட்டைக் கட்டுங்க, நாங்க குறுக்க வரல. இந்தப் பக்கச் சுவரை மட்டும் சர்வேயர் வந்து காட்டின பிறகு பேசிக்கலாம்” என்றால் பேச்சு வேறு திசைக்குத் திரும்பும். கூடவே, உங்கள் சுவரை ஒட்டி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தடி ஆழம் தோண்டிவிட்டு ஐப்பசி மழை பிடித்தால் சுவர் தானாகச் சாயும். அப்புறம் யார் தள்ளியது என்று புதிதாக ஒரு சண்டை.

அளந்து முடித்து, உங்கள் சுவர் உண்மையிலேயே அவர் மனையில் ஒன்றே கால் அடி நிற்கிறது என்று வந்தால்? ஒன்றே கால் அடி அகலம், 60 அடி நீளம்: 75 சதுர அடி. ஒரு சென்ட்டில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அந்தப் பட்டையில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் சுவர்தான் என்றால், அவர் புதிதாகக் கட்டப்போகும் சுற்றுச்சுவரைச் சரியான கோட்டில் கட்டச் சொல்லி, செலவில் பாதியை ஏற்றுக்கொண்டு, உங்கள் பழைய சுவரை எடுத்துவிடுவதே மலிவு. செப்டிக் டேங்கோ போர்வெல்லோ மாடிப்படியோ அதில் இருந்தால் அந்தப் பட்டையைக் கிரயமாக வாங்கிக்கொள்ளப் பேசுங்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் நிலம் கைமாறாது, பதிவு செய்ய வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருந்தால் 20.10.2016க்கு முன் தனி மனையாகப் பதிவானதா, பிறகு வரன்முறை செய்ததா என்று சார்பதிவாளர் கேட்பார். மனையிலிருந்து ஒரு பட்டையை மட்டும் வெட்டி எழுதுவதற்குத் தடை சொல்லவும் கூடும். பேசி முடிக்கும் முன்பே அந்த அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

குறைவு வரிசையாக வந்தது என்று தெரிந்தால் ஐந்தாறு வீட்டையும் இடித்துச் சரிசெய்ய யாராலும் முடியாது. குறைந்தவருக்கு மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஈடு கொடுப்பதுதான் நடைமுறையில் நடக்கக்கூடியது. அதற்கு ஊரில் நாலு பேர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒருவர் வேண்டும், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழு வேண்டும். வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அதனால் நீங்களே போகலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

அவர் எதற்கும் இணங்காமல் நீதிமன்றம் போவேன் என்றால் உங்கள் வக்கீலிடம் கேவியட் மனுப் போடச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வாங்கிவிடாமல் இருக்க அது உதவும். 90 நாள் செல்லும், தேவைப்பட்டால் மறுபடி போட வேண்டும். வழக்கு நடந்தாலும் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, அவரோடு ஒரு சர்வேயரை அனுப்பி இதே இடத்தைத்தான் அளக்கச் சொல்லும். இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யக்கூடியதை அப்போது இரண்டு வக்கீல் செலவோடு செய்வீர்கள், தீர்ப்பு வரப் பல வருடம் ஆகும்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை இருக்கிறது. பத்திரமும் பட்டாவும் அவர் பெயரில் இருப்பதால் ஒப்பந்தமோ வழக்கோ எதிலும் உங்கள் கையெழுத்து மட்டும் செல்லாது. அவர் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயருக்கு ஒரு பொது அதிகார ஆவணம் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அளந்து காட்டுவது, சமரசம், வழக்கு, பத்திரப் பதிவு என்று நான்கையும் அதில் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். சர்வேயர் வரும் தேதிக்கு முன் அது கையில் இருக்கட்டும்.